சென்சார் கெடவே இல்லை

சண்டை போட ஆளில்லாமல் என்னை விட்டுப் போன அன்பு வீட்டுக்காரருக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் பழைய சிவப்பு கார் ஓடுகிறது. இரண்டாவது செய்தி உங்களுக்குப் பிடிக்காது: நான் சொன்னதுதான் சரி.

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை, உங்கள் தம்பி முரளி கொட்டகையில் வந்து நின்றார். "இத்த இன்னாத்துக்கு வச்சினுகீறீங்க அண்ணி? எடைக்குப் போட்டா எடமாச்சும் மிச்சமாவும்" என்றார். அவர் மேல் தப்பில்லை, கொட்டகை அவருடையது. மாமல்லபுரம் போய் ஒருமுறைகூட அணையாமல் செங்கல்பட்டு திரும்பினால் வண்டி எனக்கு, அணைந்தால் எடைக்கு என்று நானே பந்தயம் கட்டிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நீங்கள் ஆறு மாதம் மல்லுக்கட்டியும் அடங்காத வண்டியாயிற்றே?

கார்புரேட்டரைக் கழற்றிய நாளிலிருந்து நமக்குள் நடந்த வாதம் நினைவிருக்கிறதா? அதற்குப் பதிலாக முதலில் பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர் ஒன்றை மாட்டினீர்கள். வயர் குறைவு, வேலை சுலபம். ஆனால் பந்தியில் நடுவில் நின்றபடி நாலு இலைக்கும் ஒரே கரண்டியால் சாம்பார் ஊற்றினால் என்ன ஆகும்? ஓரத்து சிலிண்டர் இரண்டும் பட்டினி. பிறகு சிலிண்டருக்கு ஒன்றாக நாலு இன்ஜெக்டர், கூடவே எவ்வளவு பீச்சுவது என்று முடிவு செய்யும் கம்பெனி கம்ப்யூட்டர். சாலையில் பறந்தது, ரயில்வே கேட்டில் நின்றால் கரும்புகை கக்கி அணைந்தது. "சென்சாரு பூட்ச்சு மே, கம்ப்யூட்டரு இன்னா பண்ணும் பாவம்" என்று காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாரை மூன்று முறை மாற்றினீர்கள். கல்பாக்கத்தில் பதினைந்து வருடமாக அளவுக்கருவி பார்ப்பவள், சென்சார் கெடவில்லை என்று சொன்னால் கேட்டால்தானே!

சென்சார் உண்மையைத்தான் சொன்னது. வேகத்துக்காக நீங்கள் போட்ட கேம் ஷாஃப்ட் வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. அதனால் வண்டி நிற்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. பாவப்பட்ட அந்தக் கம்ப்யூட்டரோ பாரம் கூடிவிட்டது என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டுகிறது.

நாலு இன்ஜெக்டரை அப்படியே விட்டேன். கம்ப்யூட்டரை மட்டும் கழற்றி, நாமே கணக்கு எழுதிக் கொடுக்கிற பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். அது காற்றழுத்தத்தைக் கேட்பதில்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறோம், இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது, இவை இரண்டும் போதும். எந்த நிலைக்கு எவ்வளவு பெட்ரோல் என்று பழைய லேப்டாப்பில் கட்டம் கட்டமாக நானே நிரப்பினேன். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்யக் கம்பெனிப் பெட்டியே மேல், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முரளியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனேன். கடற்கரைக் கோயில் கூட்டத்தில் ஊர்ந்தோம், அணையவில்லை. திரும்பும்போது செங்கல்பட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் கடக்கும்வரை இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி தடதடவென்று குலுங்கியது, ஆனால் அணையவே இல்லை. முரளி டாஷ்போர்டில் கையை வைத்துப் பார்த்தார். "அண்ணன் பக்கத்துல குந்திகினு காலாட்டினா மாதிரியே கீது அண்ணி" என்றவர், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜெயித்துவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்ல? "சரி மே, நீ சொன்னதுதான்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

இன்னும் இரண்டு கட்டத்தை மாற்றினால் அந்தக் குலுக்கலையும் குறைத்துவிடலாம். எனக்கு வழி தெரியும். ஆனால் அதை மட்டும் தொடமாட்டேன், சத்தியம்.

இப்படிக்கு,
வாதத்தில் ஜெயித்த உங்கள் சம்சாரம்,
கலா