என் கண்மட்டத்துக்கு ஒரு நூல்

உ
வெள்ளவத்தை
22.02.1998

அன்பு மகள் சுகந்தினிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் வீட்டில் சுகமாக இருக்கிறோம், அதை முதலில் நம்பிக்கொண்டு மிச்சத்தை வாசி. நீயும் அந்தக் குளிரில் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இதைத் தபாலில் போடப் பயம், நோர்வேக்குத் திரும்பும் வரதராசாவின் கையில் கொடுத்து விடுகிறேன்.

கண்காட்சிக்கு நீ கேட்ட படம் வராது பிள்ளை. கடற்கரைக் கல்லுகளில் நீ வெள்ளைப் பூச்சால் கீறிவிட்டுப் போன வட்டமும் இப்போது இல்லை. போன செவ்வாய்க்கிழமை அப்பா கீழ்வீட்டுப் பிறிஜெற்றிடம் கமரா இரவல் வாங்கிக்கொண்டு தண்டவாளத்துக்கு அப்பால் போனார். வேண்டாம் என்றேன், மகள் கேட்ட ஒரு படம் எடுக்கவும் ஏலாதோ என்று ஏசிவிட்டுப் போனார். காவலுக்கு நின்ற ஆமிக்காரர் பிடித்துப் பொலிசில் ஒப்படைத்துவிட்டார்கள். நீ கீறினது சமாதானம் பேசிய காலம், எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது ஒரு கல்லில் வளைந்த வெள்ளைக்கோடு, தூரத்துக் கல்லில் இன்னொரு துண்டு, இது இயக்கத்தின் படகுகளுக்கு வைத்த அடையாளம் என்றார்கள்.

சிங்களம் தெரிந்த பிறிஜெற்றைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு ஓடினேன். அப்பா அங்கே ஒரு மர வாங்கில் செருப்பில்லாமல் இருந்தார், என்னைக் கண்டதும் வீட்டைப் பூட்டினனியோ என்று கேட்டார். அது மகள் கீறிய சித்திரம், ஓரிடத்தில் நின்று பார்த்தால் துண்டெல்லாம் சேர்ந்து வட்டமாகும் என்று பிறிஜெற் சொல்ல, இன்ஸ்பெக்டர் எங்களை ஜீப்பில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். நின்று பார்க்க நீ காட்டின சீமெந்துக் கட்டின் மேல் ஏறிப் பார்த்தார். அவருக்கு வட்டம் சேரவில்லை. பொய் சொல்கிறோம் என்று முகம் மாறிவிட்டது. நானும் ஏறி நின்றேன், தினம் பின்னேரம் பார்க்கிறது போல முழு வட்டமாகத் தெரிந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, நீ என்னை அதிலே நிறுத்திக் கண்மட்டத்துக்கு நூல் பிடித்து அளந்ததும், அடுப்பில் சோறு கிடக்கிறது என்று நான் புறுபுறுத்ததும். இன்ஸ்பெக்டர் என்னிலும் ஒரு சாணுக்கு மேலே உயரம். என் உயரத்துக்குக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கோ என்றேன், பிறிஜெற் பயந்து பயந்து சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி, முழங்காலை மடக்கிக் குனிந்தார். கனநேரம் நிமிரவில்லை. பிறகு, மகள் போய் எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரமே அப்பாவை விட்டார்கள். ஆனால் அடையாளம் ஒன்றும் இருக்கக்கூடாது என்று அவரைக் கொண்டே தார் பூசுவித்தார்கள். அவர் கல்லுக் கல்லாகப் பூச நான் அந்தச் சீமெந்துக் கட்டின் மேலேயே நின்றேன், வட்டம் துண்டு துண்டாகப் போனது. கடைசித் துண்டு போனபோது அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அப்பாவின் நகத்தில் தார் இன்னும் கிடக்கிறது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். படம் கேட்டது உன் பிழை என்று நினைக்காதே, நினைத்தால் எனக்குக் கோபம் வரும். இப்போதைக்கு இங்கே வரவும் யோசிக்காதே. ஈரத் தலையோடு வெளியில் போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

பனிவெளியில் தடி நட்டுச் சதுரம் காட்டுகிறாய் என்று எழுதியிருந்தாய். இதற்குள் ஒரு வெள்ளை நூல் மடித்து வைத்திருக்கிறேன், அப்பா என்னைச் சுவரோடு நிறுத்தி நிலத்திலிருந்து கண்வரை அளந்து வெட்டினது. உன் கை நோகாமல், மனம் நோகாமல், நீ தீர்க்காயுசாக இருக்க வேணும். நூலைக் கவனமாக வைத்திரு, அடுத்ததை அந்த அளவுக்குச் செய். நான் வந்து பார்க்கக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பார்க்கிறவர்கள் என் உயரத்துக்குக் குனிந்து பார்க்கட்டும்.

உன் அம்மா,
பத்மாவதி நாகேந்திரம்