உங்கள் நாலும் என் நாலும்

என் பிரியத்துக்குரிய மாதேவி அண்ணி,

உங்கள் பதினாறாம் நாளுக்கு வந்தவர்களிடம் கொடுக்க ஒரு நினைவு மடல் அச்சிட்டோம். எழுதியது நான்தான். அதில் ஒரு பிழை இருக்கிறது. அச்சகத்தார் செய்த பிழை இல்லை, நான் தெரிந்தே விட்ட பிழை. வாழ்நாளெல்லாம் பத்திரிகையில் வேலை பார்த்தவன் செய்யக் கூடாதது. அதைத் திருத்துவதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

"சி.ஏ. இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினார்" என்று அந்த மடல் சொல்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் அந்த வரியில் விரலை வைத்து, "இது யாருங்க, வேற மாதேவியா?" என்று கேட்டிருப்பீர்கள்.

அப்படிப் போடச் சொன்னது அண்ணன். "எதுக்குடா தோத்ததெல்லாம்? சும்னே ஒரே தடவைல பாஸுன்னு போடு. அவளுக்கும் ஒரு கௌரவம்" என்றான், "சும்மா"வைக் கன்னடத்தில் "சும்னே" என்றே சொல்லிப் பழகியவன். மனைவியை இழந்து பத்து நாள் ஆனவனிடம் என்ன வாதாடுவது? தலையாட்டிவிட்டேன். ஆனால் மடல் அச்சாகி வந்த அன்றிலிருந்து அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் கௌரவமே அந்தத் தோல்விகளில்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் முழுவதும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து மருமகளாக மைசூருக்கு வந்தீர்கள். வயதில் என்னைவிட இரண்டு வருடம் இளையவர், உறவில் மூத்தவர். நான் "அண்ணி" என்பதும் நீங்கள் "கொழுந்தனாரே" என்பதும் இருவருக்குமே கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. வீட்டில் கொங்குத் தமிழ், பள்ளியில் கன்னடம், கல்லூரியில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவர் நீங்கள். "அல்லவா" என்று கேட்க வேண்டிய இடத்தில் கன்னடத்தில் "அல்வா?" என்று முடிப்பீர்கள். சேலத்திலிருந்து வந்த எங்கள் சித்தப்பா, புது மருமகள் ஏன் பேச்சுக்குப் பேச்சு இனிப்புக் கேட்கிறாள் என்று அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தார். நினைவிருக்கிறதா?

தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த ஆடிட்டர் அலுவலகத்தில் உங்களுக்கு வேலை. பயிற்சிக் காலம் முடிந்து, இறுதித் தேர்வில் ஒரே ஒரு தாள் மட்டும் உங்களை நிறுத்தி வைத்திருந்தது. கம்பெனிகளின் நிதிநிலை அறிக்கை தயாரிக்கும் தாள் அது. நூற்றுக்கு நாற்பது வேண்டும். முதல் முறை முப்பத்தொன்று, இரண்டாம் முறை முப்பத்தாறு, மூன்றாம் முறை முப்பத்தெட்டு. அந்த ஒன்றில் நாற்பது வராததால் அதனோடு சேர்ந்த தாள்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

மூன்றாவது முடிவு வந்த அன்று நீங்கள் அழவில்லை. அம்மாவிடம் போய், "இன்னும் ஒரே ஒரு வாட்டிங்க அத்தை. அதுலயும் போச்சுன்னா புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுரலாமுங்க" என்றீர்கள். அம்மா சரி என்று சொல்லிவிட்டார். அந்தச் சரிதான் உங்களைப் பயமுறுத்தியது என்று பிறகு என்னிடம் சொன்னீர்கள். வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால் தெம்பாக இருந்திருக்குமாம்.

அண்ணனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுக்குக் கண்காணிப்பாளர் வேலை எனக்கு வந்தது. நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் மைசூர் நிருபர். காலை பத்து மணிக்கு அலாரத்தைத் திருகி வைத்து, கேள்வித்தாளைக் கொடுத்து, மூன்று மணி நேரம் எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். ஒரு மணிக்கு அலாரம் அடிக்கும். தேர்வுக்கு முன், கணக்கு விதிமுறைகளை ஒவ்வொன்றாக நான் வாசிக்க, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே அதைக் கேட்பார். தாய் நிறுவனத்தின் கணக்கோடு துணை நிறுவனத்தின் கணக்கைச் சேர்ப்பது எப்படி என்று ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பிடின்னா மக கம்பெனி சொத்தெல்லாம் தாய்க் கம்பெனிக்கா?" என்று அம்மா கேட்டார்.

"கணக்குல காட்டும்போது சேர்த்துக் காட்டணுமுங்க அத்தை."

"மருமக கம்பெனிக்கு என்ன விதி?"

"அதுக்கு இன்னும் விதி எழுதலைங்க. எழுதினா மாமியார் கம்பெனி தாங்காதுங்க."

அம்மா கீரைத் தண்டை உங்கள் மேல் வீசினார். அந்த வீட்டில் நான் கேட்ட நல்ல சிரிப்புகளில் அது ஒன்று.

ஆனால் மணி அடித்த பிறகு சிரிப்பு இருக்காது. ஐந்தொகையின், அதாவது பேலன்ஸ் ஷீட்டின், இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒத்து வராது. எங்கேயோ ஒரு வித்தியாசம் நிற்கும். அதைத் தேடித் தேடியே நேரம் போய், கடைசி இரண்டு கேள்விகளைத் தொடாமலே எழுந்திருப்பீர்கள். "எனக்கு இந்தக் கம்பெனிகளைச் சேர்க்கிற விசயமே மண்டைல ஏறலைங்க" என்று முதலிலிருந்து அந்த அத்தியாயத்தை மறுபடி படிப்பீர்கள். உங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் மட்டும் விளிம்பு கறுத்துப் போயிருந்தன.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தபோது, ஒரு ஞாயிறு, சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் பழைய விடைத்தாள்களை எடுத்து வித்தியாசங்களை மட்டும் என் குறிப்பேட்டில் எழுதினேன். எதையும் வரிசையாக எழுதிப் பார்ப்பது நிருபரின் பழக்கம். நாலாயிரம். நாற்பதாயிரம். நானூறு. மறுபடி நாற்பதாயிரம். ஒரு தாளில் நாற்பத்து நாலாயிரம்.

புரியாத பாடத்தில் செய்யும் தப்புக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது, அண்ணி. பக்கத்தில் நீங்கள் கிறுக்கியிருந்த ஓரக் கணக்குகளைப் பார்த்தேன். விளங்கிவிட்டது.

விளங்கிய பிறகும் நான் உங்களிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வரை சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தை நீங்கள் மறுபடி அதே அத்தியாயத்தில் செலவழித்தீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்கு என்னிடம் இருந்த பதில் எனக்குப் பிடிக்காத பதில்.

அடுத்த ஞாயிறு அலாரத்தை வைக்காமல் தாளை உங்கள் முன் வைத்தேன்.

"அண்ணி, இந்த எட்டைப் பாருங்க."

"எட்டுக்கு என்னுங்க?"

"எட்டுதானா?"

தாளைக் கண்ணருகே கொண்டுபோனீர்கள். பிறகு தூரமாகப் பிடித்தீர்கள். "ஐயோ. இது நம்ம நாலு!"

கன்னடத்து நாலு, மேலே வாய் திறந்த எட்டு மாதிரி இருக்கும். இங்கிலீஷ் நாலுக்குக் கையை ஒரு முறை தூக்கி வைக்க வேண்டும், கன்னட நாலைத் தூக்காமல் ஒரே சுழிப்பில் போட்டுவிடலாம். நிதானமாக எழுதும்போது உங்கள் கை இங்கிலீஷில் எழுதியது. அவசரத்தில் ஹனூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. ஓரக் கணக்கில் நாலு என்று எழுதி, ஐந்தொகைக்கு எடுத்துப் போகும்போது எட்டு என்று வாசித்தீர்கள். எட்டில் நாலு போனால் நாலு, அதனால்தான் வித்தியாசமெல்லாம் நாலாகவே நின்றது. பாடமெல்லாம் உங்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

"மூணு வாட்டி தோத்துருக்கறனுங்க இந்த நாலால. நானே பார்க்கல, ஆடிட்டர் பார்க்கல. உங்களுக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?"

சொன்னேன். நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருந்த தமிழ்க் கட்டடத் தொழிலாளர் குடியிருப்பில் மனைப் பட்டா கொடுக்கக் கன்னடத்தில் ஓர் உத்தரவு வந்திருந்தது. நாற்பத்து நாலு குடும்பங்களுக்கு. நான் நாற்பத்தெட்டு என்று எழுதி, செய்தியும் அப்படியே வந்தது. கன்னட எட்டு வேறு மாதிரி இருக்கும் என்பது தெரியாதவனா நான்? என் கண் அந்த எண்ணைக் கன்னடத்தில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடித்துவிட்டது. இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.

நீங்கள் விடைத்தாளைக் கீழே வைத்தீர்கள். "திருத்தம் போட்டீங்களா?"

"இல்லை."

"எத்தனை நாள் ஆச்சுங்க?"

"ஏழு மாசம்."

"பேப்பரைப் பார்த்து நம்பின அந்த நாலு வீட்டுக்காரங்க?"

நான் குறிப்பேட்டை மூடினேன்.

"முந்தின வருசத்துத் தப்பு இந்த வருசம் தெரிஞ்சா, தனியா எடுத்துக் காட்டணும், சும்னே உள்ளாற தள்ளிரக் கூடாது. நீங்கதானுங்க போன மாசம் எனக்கு அந்த விதியை வாசிச்சுக் காமிச்சீங்க. வாசிக்கறப்ப காதுல விழலீங்களா?" கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு வலித்தது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு சொன்னீர்கள்: "நான் என் நாலைத் திருத்தறேன். நீங்க உங்க நாலைத் திருத்துங்க. சரியாப் போச்சு, அல்வா?"

தன் மூன்று தோல்விகளுக்கும் காரணம் கிடைத்த நிமிடத்தில், முன்பின் பார்த்திராத நாலு குடும்பங்களைப் பற்றிக் கேட்டவர் நீங்கள். அத்தனை வருடப் பத்திரிகை வேலையில் நான் அப்படி ஒருவரைச் சந்தித்ததில்லை.

மறுநாள் குடியிருப்புக்குப் போனேன். உத்தரவில் பேர் இல்லாத நாலு வீட்டிலும் சொன்னேன். மூன்று வீட்டில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். நாலாவது வீட்டு அம்மா, "ஜன்னலுக்கு அளவெடுத்து வெச்சிருக்கேன் சாமி, அந்த அளவை நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "ஏழு மாசம் கழிச்சா? யாராவது கேஸ் போட்டாங்களாப்பா?" என்றார். "எங்க அண்ணி கேட்டாங்க சார்" என்றேன். ஐந்தாம் பக்கத்தில் இரண்டு வரி வந்தது.

நீங்கள் உங்கள் நாலோடு மல்லுக்கு நின்றீர்கள். காலண்டரில் நாலு, அரிசி டப்பாவில் சாக்பீஸால் நாலு, பால் கணக்கு அட்டையில் நாலு, எல்லாம் இரண்டு இழுப்பில், கையைத் தூக்கித் தூக்கி. "வீடு முழுக்க நாற்காலியைக் கவுத்துப் போட்ட மாதிரி எழுதி வெச்சிருக்கா" என்று அம்மா அலுத்துக்கொண்டார். ஆனாலும் மூன்றாம் நாள் அரிசி டப்பாவில் அவரே ஒன்று எழுதிப் பார்த்தார்.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றிருந்தேன். "ஒத்து வந்துச்சா?" என்றேன்.

"வரலைங்க."

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தீர்கள். "இரண்டாயிரத்து அறுநூறு இடிக்குது. நாலு இல்லீங்க அது! வேற என்னமோ சில்லறைத் தப்பு. அப்பிடியே வித்தியாசத்தைக் காமிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். எல்லாக் கேள்வியும் எழுதிட்டனுங்க."

அறுபத்து நாலு வந்தது. அந்த எண்ணைக் காலண்டரில் எழுதினீர்கள், உங்கள் பழைய நாலில், ஒரே சுழிப்பில். "பரீட்சைக்குத்தானுங்க இங்கிலீஷ் நாலு. வீட்டுல என் நாலுதான்." புத்தகங்கள் எடைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை கம்பெனி அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. போட மறுத்த மூன்றைப் பற்றித் தெரியும். உங்கள் கையெழுத்துக்காக உங்களைச் சுற்றி வந்தவர்கள், கிடைக்காது என்று தெரிந்ததும் வேறு அலுவலகம் போனார்கள். அந்த வருடங்களில் வீட்டில் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டதில்லை நீங்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் கவிதா உங்கள் அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். விளிம்பு கறுத்த அந்தப் புத்தகத்துக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. "சித்தப்பா, இதை அம்மா எதுக்கு வெச்சிருந்தாங்க?" என்று கொண்டுவந்தாள். அந்த இரண்டு வரி. என் பெயர்கூட இல்லாத திருத்தம். முதல் பக்கத்தில் என் பெயரோடு வந்த செய்திகள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் வெட்டி வைக்கவில்லை, இல்லையா?

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் நாலு அவனுக்குத் தெரியும், என் நாலு இதுவரை தெரியாது. துண்டை வாங்கிப் பார்த்தான்.

"எத்தனை தடவைடா, சரியாச் சொல்லு."

"நாலாவது தடவைல பாஸ்."

"அப்ப நாலுன்னே போடு." கொஞ்சம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: "எந்த நாலுடா போடுவே? அவ நாலா, இங்கிலீஷ் நாலா?"

மடல் வாங்கிப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு திருத்தச் சீட்டு அனுப்பப் போகிறேன், அண்ணி. "முதல் முயற்சியில் என்றிருப்பது தவறு" என்பது மட்டும் அச்சில் இருக்கும். அதற்குக் கீழே எத்தனையாவது முயற்சி என்பதை நானே பேனாவால் எழுதுவேன், ஒவ்வொரு சீட்டிலும், கையைத் தூக்காமல், உங்கள் நாலில். யாராவது எட்டு என்று வாசித்துவிட்டுக் கேட்டால், உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இந்த முறை ஏழு மாதம் ஆகவில்லை, அல்வா?

திருத்தத்துடன்,
உங்கள் கொழுந்தனார்
முருகேசன்
மைசூர்