கத்திச்சண்டைப் படமும் கய்யூமின் சுண்டுவிரலும்

காஜா பேராங், மலாக்கா
14.9.1958

அன்பு மகன் சேதுபதிக்கு அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே மூவரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். அலோர் ஸ்டாரில் நீயும் மருமகள் சந்திரமதியும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, தைலம் தேய்த்துத் தேய்த்து போத்தல்தான் காலியாகிறது. போன மாதம் கடிதம் போடவில்லை என்று வருத்தப்படாதே, உட்கார்ந்து எழுத மனசில் தெம்பில்லை. உன் தம்பி ஜெயபாலன் செய்துவைத்த காரியம் அப்படி.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் மசாலைக் கடை வைத்திருக்கும் ஹாஜாவின் மகன் கய்யூம் இவனோடு ஒரே வகுப்பு. பள்ளித் திடலில் அவன் இவனுடைய பட்டத்தைக் கிழித்துவிட்டானாம், அதற்கு இவன் மூங்கில் கம்பால் அடித்து அந்தப் பிள்ளையின் சுண்டுவிரலை ஒடித்துவிட்டான். பன்னிரண்டு வயசில் இவ்வளவு ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாஜா தங்கமான மனுஷர், சின்னப் பிள்ளைங்க சண்டைதானே விடுங்கண்ணே என்றார். அவர் சம்சாரம் நஜ்முன்னிசாதான் முகம் கொடுத்துப் பேசவில்லை, பெற்ற வயிறு, அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பெயரை வெட்டப்போவதாகச் சொல்லி என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

தெருவில் எல்லாருக்கும் ஒரே பேச்சு, சினிமா. கத்திச்சண்டைப் படம் ஒன்று மூன்று வாரம் ஓடியது, இவன் நாலு தடவை பார்த்துவிட்டு வீட்டில் விளக்குமாற்றைக்கூட விட்டுவைக்காமல் சுழற்றிக்கொண்டிருந்தான். நானும் அதையே பிடித்துக்கொண்டேன், எனக்கும் அது வசதியாக இருந்தது. ஜாலான் துக்காங் எமாஸ் கோயிலுக்கு இழுத்துப்போய், இனி கொட்டகை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினேன். அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைங்க எல்லாம் விரலையா ஒடிச்சிட்டு வருதுங்க என்று உன் அம்மா கேட்டாள். நீ சும்மா இரு என்று அவள் வாயை அடைத்தேன்.

பெரிய வாத்தியாரிடமும் அதே பாட்டுத்தான் பாடினேன், எல்லாம் அந்தப் படம் பண்ணின வேலை சார், ஒரு தடவை மன்னிச்சிடுங்க என்று. அவர் ஜெயபாலனைக் கூப்பிட்டு, மேசைமேல் கிடந்த அடிக்கோலைக் கையில் கொடுத்து, எப்படி அடிச்சே, செஞ்சு காட்டு என்றார். வாள் வீசிக் காட்டுவான் என்றுதான் நானும் நினைத்தேன். அவன் இடது கையால் யாருடைய மணிக்கட்டையோ பிடிப்பதுபோல் பிடித்து மேசையில் அழுத்தினான், கோலை ஓங்கி, எண்ணுடா என்றான். தப்பா எண்ணினா மறுபடி ஒண்ணுலேருந்து என்றான். என் குரலிலேயே சொன்னான், சேது. நான் ரோத்தான் பிரம்பை எடுத்தால் அடி வாங்குகிறவன்தான் எண்ண வேண்டும் என்பதை உனக்கா நான் சொல்ல வேண்டும். வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இரண்டு வாரம் வீட்டில் இருக்கட்டும், பெயரை வெட்டவில்லை என்று அனுப்பிவிட்டார். வழியெல்லாம் அவன்தான் என் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

சினிமா பிள்ளைகளைக் கெடுக்குமா கெடுக்காதா என்று இனி யார் என்னிடம் கேட்டாலும் பேசுவதாக இல்லை, அலுத்துப்போய்விட்டது. ரோத்தானை உடைத்து அடுப்பில் போட்டேன். பதினெட்டு வயசில் நீ அவ்வளவு தூரம் போனது சம்பளத்துக்காக என்றுதான் இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லி வந்தேன், என்னை மன்னித்துவிடு.

மருமகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம், நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். மழைக்காலம் வருகிறது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நாலு வயசிலேயே பேரன் ஐம்பது வரைக்கும் தப்பில்லாமல் எண்ணுகிறான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எப்படிக் கற்றுக்கொண்டான் என்று அப்பாவுக்கு மறைக்காமல் ஒரு வரி எழுது.

உன் அப்பா,
கலியாணசுந்தரம்