மேசைமேல் இரண்டு டப்பா

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அதைவிடப் பத்து மடங்கு சுகமாக இருக்க வேண்டும். தபால் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது என்றார்கள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் மனம்விட்டுப் பேச முடிகிறதா என்ன, மாடிவீட்டுக்காரிக்குச் சுவரெல்லாம் காது.

நீ எடுத்த எடுப்பில் மாத்திரை போட்டியாம்மா என்றுதான் கேட்பாய். போடுகிறேன், ஒரு நாளும் விடவில்லை. ஆஸ்பத்திரி முழுக்கக் கொரோனாவுக்கு என்று ஆகிவிட்டாலும் எங்களைப் போன்ற எச்.ஐ.வி.காரர்களுக்கு மருந்து கொடுக்கிற அறையைப் பின்பக்கக் கட்டிடத்துக்கு மாற்றி, சில மாதத்துக்குச் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் சொல்ல வந்தது சுருட்டையைப் பற்றி. கம்பெனியில் எனக்கு அடுத்த மெஷினில் தைக்கிறாளே, புருஷனை இழந்து அண்ணன் வீட்டில் இருக்கிறவள், அவளும் அதே அறையில்தான் மருந்து வாங்குகிறாள், அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணன் வீட்டில் யாருக்கும் தெரியாது. கம்பெனி அலமாரியில் டப்பாவை வைத்து, வேலை முடிந்து கிளம்பும்போது போட்டுக்கொள்வாள், விடுமுறை நாளென்றால் முந்தானையில் ஒன்று முடிந்து போவாள். கம்பெனியை மூடியதும் எங்கே கொண்டுபோவாள், அந்த வீட்டில் ஒரே அறை, ஊரடங்கில் எல்லோரும் அதற்குள்ளேயே. டப்பாவை என்னிடம் கொடுத்து, தினமும் ஒரு சாக்குச் சொல்லி வந்து போட்டுக்குறேன்க்கா என்று போனாள். வரவில்லை. அவள் அண்ணி வாசலைத் தாண்டவே விடவில்லையாம். போன் செய்தால் ம், ம் என்பாள், அவ்வளவுதான். என் டப்பா குறையக் குறைய அவள் டப்பா அப்படியே நிற்கும்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து முகக்கவசம் தைக்கத் துணி கொடுத்தார்கள். அந்த அண்ணிக்கே போன் போட்டு, ஒத்தாசைக்கு ஆள் இல்லை, உங்க நாத்தனாரை அனுப்பி வையுங்க என்று குழைந்தேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தாள். வந்தவளைப் பார்த்து எனக்குப் பகீரென்றது, கன்னம் ஒட்டி, வாயெல்லாம் புண். உடனே மருந்து கொடுக்கிற அறையில் இருக்கிற ஆலோசகர் அம்மாவுக்குப் போன் செய்தோம். அந்த மகராசி திட்டவில்லை, டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்து, சற்று நேரத்தில் திரும்ப அழைத்து, இன்னைக்கே ஆரம்பிம்மா, நாளைக்கு வா, ரத்தம் பார்க்கலாம் என்றார். அன்றிலிருந்து தினமும் வந்தாள். தைத்து முடித்ததும் இருவரும் ஒரே சொம்புத் தண்ணீரில் மாத்திரையை விழுங்குவோம், சியர்ஸ்க்கா என்பாள் அந்தக் குறும்புக்காரி.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அண்ணி வந்து நின்றாள். மேசைமேல் டப்பாக்கள். இது என்ன மாத்திரை என்றாள். எங்கிருந்து வந்ததோ தைரியம், எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, அதுக்குப் போடறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னிடமும் ஆஸ்பத்திரியிலும் சுருட்டையிடமும் தவிர வேறு யாரிடமும் சொல்லாத சொல். அவள் என்னைப் பார்த்தாள், டப்பாக்களைப் பார்த்தாள், அப்புறம் எதுக்கு ரெண்டு என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சுருட்டை தைப்பதை நிறுத்தி, ஒண்ணு என்னோடது அண்ணி என்றாள். அண்ணி விறுவிறுவென்று வாசற்படி இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சுருட்டை வீட்டுக்குப் போகவில்லை. உன் கட்டிலில் படுக்க வைத்தேன். மறுநாள் அண்ணியே வந்தாள், உள்ளே வராமல் வாசலில் நின்று, உங்க அண்ணன் தேடறாரு, கிளம்பு என்றாள். அங்கே போனதும் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்களாம். கேட்டு எனக்கு ஆறவில்லை. அவளோ, அது கிடக்கட்டும்க்கா, இப்ப நடுவீட்டுல நின்னு மாத்திரை போடறேன், நேத்து மறந்து உட்கார்ந்திருந்தேன், அண்ணிதான் நேரமாச்சுடின்னு சத்தம் போட்டாங்க என்று போனில் சிரிக்கிறாள். உடம்பும் கொஞ்சம் தேறியிருக்கிறது.

அவள் இங்கே தைத்துக்கொண்டிருந்தபோது ஒரு முறை வாய் தவறி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அவளும் என்னம்மா என்று திரும்பினாள். அப்புறம் இரண்டு பேரும் குனிந்து தைக்கத் தொடங்கினோம். மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொள்வதால் இப்போது அவளும் வருவதில்லை, என் மெஷின் சத்தம் மட்டும்தான். குட்டியைப் போனில் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியைத்தான் தடவுகிறேன், தலையில் முடி மெத்தென்று இருக்குமா, கட்டையாக இருக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது.

குட்டிக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல் நூறாண்டு வாழ வேண்டும். விமானம் விட்டதும் வா, ஆனால் வருகிற தேதியை முன்கூட்டிச் சொல்லாதே கண்ணு, சொன்னால் அதுவரை எனக்குப் பொழுது நகராது. வந்து கதவைத் தட்டு, போதும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா