தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குப் பிறகு

ஆகஸ்ட் 9, 2024

புத்தகம் வந்துவிட்டது. கொழும்பு பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அடுப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஏழு வருசம் எழுதிய நாவல். கட்டைப் பிரித்து ஒன்றை விரித்தால், தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குப் பிறகு நூற்றுப் பதின்மூன்று! இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். எல்லாமே அப்படித்தான்.

அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். "ஒரு பாரம் விட்டுப்போச்சு டீச்சர், பதினாறு பக்கம். சேத்துக் கட்டித் தாறம். ஆனா ஞாயித்துக்கிழமைக்கு ஏலாது." நாசமாப் போவான்! ஞாயிறுதானே வெளியீட்டு விழா. அழைப்பிதழ் கொடுத்து முடிந்தது.

அந்தப் பதினாறு பக்கத்தில்தான் தங்கச்சி, தன் மூத்த ராத்தாவைத் தேடி வந்து, பொறுத்துக்கொள்ளச் சொல்லி அழுகிறாள். அதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

நாவலில்தான் அழுகிறாள். நிசத்தில் என் தங்கச்சி நஸீறா வரவில்லை. உம்மாட வீடு அவளுக்குச் சீதனமாகப் போனதில் எங்களுக்குள் சண்டை. உம்மா வருத்தமாகப் படுக்கையில் கிடந்தபோது நான் பார்க்கப் போக, கேற்றைப் பூட்டினாள். உம்மா மௌத்தான அன்று ஜனாஸாவை அடக்க எடுத்த பிறகுதான் எனக்குச் சொல்லி அனுப்பினாள். உம்மாட முகத்தை நான் பார்க்கவில்லை. அன்றோடு பேச்சுமில்லை.

என் வீட்டுக்காரர், சாகாமத்து வயலில் அறுவடையை விட்டுவிட்டு வந்தவர், பக்கம் குறைந்த கதையைக் கேட்டுச் சிரிக்கிறார். "விழாவ நடத்துங்க புள்ள. அத ஆர் வாசிக்கப் போற?"

றமீஸ் என்ற பெயரில் எனக்கு ஒரு மாப்பிள்ளை! சோற்றை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அவரே போட்டுத் தின்னட்டும்.

ஆகஸ்ட் 10

நயவுரை சொல்பவர்களுக்குப் பிரதி கொடுத்தாயிற்று. பக்கம் குறைவதைச் சொல்லவில்லை. வாசித்தவர் கேட்பார்தானே? கேட்கட்டும்.

ஆகஸ்ட் 11

முதற் பிரதியை வாங்கிய ஹாட்வெயார் முதலாளி போட்டோவுக்கு நின்றார். போகும்போது பிரதியைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கவிஞர் இப்றாஹிம் என் அட்டைப்படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, தன்னுடைய கவிதை இரண்டை வாசித்து இறங்கினார். பிறகு மஜீட் சேர். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எழுதுகிற ஆள் எல்லாம் பயப்படுகிற விமர்சகர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொல்கிறார்:

"இறுக்கமான கட்டுக்கோப்பு. இந்த நாவலில் ஒரு பக்கத்தைக்கூட எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது."

சபை கைதட்டியது. நான் பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் இருந்த பஸ்லியா டீச்சர், நான் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டா.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையாக அழுதேன். எனக்குப் போர்த்தினது பொன்னாடையாம்! பொன்னாடை!

ஆகஸ்ட் 14

பொறுக்க முடியாமல் மஜீட் சேருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குப் பிறகு என்ன வருது?"

 "டீச்சர், இது என்ன, எனக்குச் சோதினையா?"

"பதினாறு பக்கம் இல்ல சேர். நீங்க காணல்லியா?"

"நயவுரை எண்டா நயக்கிறது. முன்னுரையப் பாத்தா போதும். இந்தக் கரையில மாசம் ஒரு ஆள் புத்தகம் போடுறாங்க, எல்லாத்தையும் வாசிச்சா என்ட கண் என்னத்துக்காகும்? உங்கள மேடையில வெச்சுப் புகழ்ந்தன். மறுகா என்ன வேணும் உங்களுக்கு?"

"வாசிக்க வேணும் சேர்."

"அப்ப நல்லதா எழுதியிருக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். வாசிக்காத மனிசன் சொல்கிறார், நல்லதா எழுதியிருக்கணுமாம்!

ஆகஸ்ட் 15

ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22

இணைய சஞ்சிகை ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை நேர்காணலுக்குப் பேசினார். முதல் கேள்வி: "உங்கட நாவல் எதப் பத்தியது எண்டு நீங்களே சொல்லுங்களேன்." மீன்பிடியைப் பற்றியது என்றேன். "அருமை" என்று எழுதிக்கொண்டார். நாவலில் ஒரு மீன்கூட இல்லை.

செப்டெம்பர் 1

நஸீறா வந்தாள்.

எட்டு வருசத்துக்குப் பிறகு. கேற்றடியில் நின்றாள், கையில் என் புத்தகம். மஜீட் சேர் வீட்டில் இருந்து வாங்கினாளாம். முதற் பக்கத்தில் "மதிப்புக்குரிய சேருக்கு" என்று என் கையெழுத்து.

ஸலாமுக்குப் பிறகு முதல் கதை: "தொண்ணூத்தாறுக்குப் பிறகு நூத்திப் பதிமூணு. நடுவில நான் என்ன செஞ்ச?"

யா அல்லாஹ், எனக்குச் சந்தோசம் வந்தது! சண்டைக்கு வந்து நிற்கிறவளைப் பார்த்து நெஞ்சு துள்ளியது. வாசிச்சிருக்காள்! ஓடிப்போய் புறூப் தாள்களை எடுத்துவந்து கொடுத்தேன். வாசலில் கதிரை போட்டு, விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. அவள் அழுவாள் என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாள்களை அடுக்கி என் கையில் தந்தாள்.

"கேற்றப் பூட்டின நான்தான். உம்மாட ஜனாஸாவ எடுத்த பிறகு உனக்குச் சொல்லி அனுப்பின நான்தான். எல்லாம் செரியா எழுதியிருக்காய், ஒண்டும் பிழையில்ல. இது என்ன ராத்தா? நான் எப்ப உன்ட காலடியில வந்து அழுத?"

"கதைதானே நஸீறா" என்றேன்.

"கதையிலயும் நான் வரமாட்டன். இந்தப் பதினாறு பக்கம் மட்டும்தான் பொய். இது இல்லாமலே நல்லாயிரிக்கி."

செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். புத்தகத்தையும் கொண்டு போனாள்.

செப்டெம்பர் 3

அச்சகத்தில் இருந்து போன். விட்டுப்போன பாரம் தயாராம். பிரதிகளை அனுப்பினால் சேர்த்துக் கட்டித் தருவார்களாம்.

வேண்டாம் என்றேன்.

"வாசிக்கிற ஆக்கள் கேப்பாங்களே டீச்சர்?"

கேட்டது ஒரு ஆள்தான், அவளுக்கும் வேண்டாமாம் என்றேன்.