நெட்டில் ஒரு கோளாறும் இல்லை

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் சுரேந்திரனுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் உயிரும் உடம்புமாக இருக்கிறோம். நீயும் சௌமியாவும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். என்னடா இது, தினம் போனில் பேசுகிற மனுஷன் கடிதம் போட்டிருக்கிறாரே என்று பதறாதே. என் காது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும், ஸ்பீக்கரில் போட்டால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். அவள் காதுபடச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் விரலுக்கு ஒன்றைத் தொட்டால் வேறொன்று விழுகிறது. பக்கத்து வீட்டு சித்ராவை எழுதித் தரச் சொல்லலாம், ஆனால் அவள் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாள், அப்புறம் அவளை நான் தேற்ற வேண்டும். அதனால் பேனாவை எடுத்தேன்.

முதல் காரியமாக, நீ அங்கிருந்தே நெட் கம்பெனிக்கு எழுதிப்போட்ட புகாரைத் திரும்ப வாங்கிக்கொள். நேற்று கொட்டுகிற மழையில் தேவேந்திரன் வந்து நின்றான். நம் வீட்டுக்கு நெட் கொடுத்தவன் அவன்தான், போன வாரம் உன் புது டிவியை அதில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். தமிழ் ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்ததால் வாயைத் திறந்தால் முதலில் ஹிந்திதான் வரும். அங்கிள், சப் தீக் ஹை நா, எல்லாம் சரியாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் என் மேல கம்ப்ளெய்ன்ட் போச்சு என்று கேட்டான். பெட்டியைத் திறந்து பார்த்தான், வயரை இழுத்துப் பார்த்தான், டிவியைப் போட்டுப் பார்த்தான், படம் கண்ணாடி மாதிரி ஓடியது. நல்லவேளை உன் அம்மா அப்போது சித்ரா வீட்டில் இருந்தாள். நான் அவன் கையில் டீயைக் கொடுத்துவிட்டுத் திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். நெட் போய்விட்டது என்று ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொன்னவன் நான்தானே. அது உண்மையில்லை. அவன் வேலைக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது, இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றைக்கே எழுதிவிடு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். டிவி சென்னையில் கப்பல் ஏறி, காற்றும் மழையும் ஓய்ந்து இங்கே வந்து இறங்குவதற்குள் நீ தினமும் வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று என் பிராணனை வாங்கினாய். வந்தது. நெட் பெட்டி முன்கட்டுக் கான்கிரீட் அறையில் இருக்கிறது, டிவியையும் அங்கேயே வைத்துவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. அம்மா எந்நேரமும் பின்னறைக் கட்டிலில்தான் இருக்காங்க, அவங்க எதிரே வையுங்க, நான் அவங்க முகத்தைப் பார்த்துப் பேசணும் என்றாய். நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. போனில் வீடியோ போட்டுக் கொடுத்தால் அவள் அதைத் தூக்கிக் காதில் வைத்துக்கொள்கிறாள், இத்தனை மாதமாக நீ பார்த்ததெல்லாம் உன் அம்மாவின் காதையும் கம்மலையும்தான். சரி என்று, நீ சேர்த்து அனுப்பிய கேமராவை அதன் தலையில் வைத்துப் பின்னறையில் மாட்டினோம். அங்கே நான்கு பக்கமும் டின் ஷீட் அல்லவா, டிவியில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. டின் ஷீட் சிக்னலை உள்ளே விடாது அங்கிள் என்றான் தேவேந்திரன். அடேய், மழையை உள்ளே விடுகிற ஷீட்டு இதை மட்டும் விடாதா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, நடுவில் அடுப்படி அலமாரியில் இன்னொரு சின்னப் பெட்டியை வைத்தான். அதற்கப்புறம் உன் பாஸ்வேர்டு. யாருக்குப் பயந்து அப்படி ஒன்றை வைத்தாயோ தெரியாது, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரம். அதை ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அமுக்குவதற்குள் எனக்குக் கட்டைவிரல் வீங்கிப்போயிற்று. தப்பு என்று வரும், முதலில் இருந்து ஆரம்பிப்போம். கடைசியில் கனெக்டட் என்று வந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி நான் கை தட்டினேன். உன் அம்மாவும் எதற்கென்று தெரியாமலே என்னோடு சேர்ந்து தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ வரப்போகிறாய் என்று சித்ரா வந்து அவளுக்குத் தலை வாரி, அந்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டிவிட்டுப் போனாள். சுரேன் எப்ப வர்றான், கப்பல்லயா ஃபிளைட்லயா என்று உன் அம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். டிவியில வர்றான்டி என்றேன். வந்தாய். டிவி முழுக்க உன் முகம், தாடியும் கண்ணாடியும் கம்பளித் தொப்பியுமாக. உன்னை அவ்வளவு பெரிசாகப் பார்த்ததும் நான் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். உன் அம்மா மடியில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் இமைக்கவில்லை, வாய் திறக்கவில்லை. நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. அப்பா, அம்மா ஸ்டக் ஆயிட்டாங்க, படம் அசையவே இல்ல, நெட் போயிடுச்சு போல என்றாய். நெட் போகவில்லையடா. அவளுக்குப் பின்னால் ஜன்னல் துணி காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது, நீ கவனித்திருக்க மாட்டாய். அசையாமல் இருந்தது உன் அம்மாதான்.

அப்புறம் நீ அம்மா, அம்மா என்று சத்தமாகக் கூப்பிட்டாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை, ஸ்டூலில் இருந்த போனை எடுத்துக் காதில் வைத்து, சொல்லு சுரேன் என்றாள். போனில் யார் இருக்கிறார்கள். டிவியில் நீ மறுபடியும் பேசினாய். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, ஏங்க, யாருங்க இந்த ஆளு, நம்ம சுரேன் குரல்ல பேசுறான், எம்புள்ளைய என்ன பண்ணினான்னு கேளுங்க என்று மெதுவாகச் சொன்னாள். உனக்குக் கேட்டிருக்காது. நான் எட்டிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். உனக்குத் திரை கறுத்துப் போனது அதனால்தான். நெட் போய்விட்டது என்றேன், நீயும் உடனே நம்பினாய். இந்த ஊரில் பிறந்தவனிடம் நெட் போய்விட்டது என்றால் அவன் நம்பாமல் இருப்பானா.

அவளுக்கு மறதி இருப்பது நீ அறியாததில்லை. அடுப்பை அணைக்க மறந்தாள், செவ்வாயா புதனா என்பதை மறந்தாள், என் அக்கா செத்ததை மறந்து அவளுக்கும் சேர்த்து அரிசி களைந்தாள். அதையெல்லாம் நான் சமாளித்துக்கொண்டுதான் வந்தேன், உன்னிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். இதை எப்படிச் சமாளிப்பது சொல். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். சிலருக்கு இப்படியும் ஆகும், முகம் தெரியாது, குரல் தெரியும், மெயின்லேண்டில் இருந்து பெரிய டாக்டர் வரும்போது காட்டலாம், அதற்குள் அவர்களை மிரட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சுவரில் நீ பத்தாவது முடித்தபோது எடுத்த படம் இருக்கிறதே, அதைத் தினமும் முந்தானையால் துடைத்து, சாப்பிட்டியாடா என்று கேட்கிறாள். அந்தப் பையனைத் தெரிகிறது. சோதித்துப் பார்க்கலாம் என்று உன் கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினேன், நான் ஒரு மடையன். மாப்பிள்ளை லட்சணமா இருக்காரு, எந்த ஊரு என்று கேட்டாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். வயரா, பெட்டியா, ஷீட்டா, ஏதாவது ஒன்று பழுது என்றால் ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணச் சொல்லலாம். இதற்கு நான் யாரைக் கூப்பிடுவேன், சுரேந்திரா.

அதனால் இனிமேல் முகம் காட்டிப் பேச வேண்டாம். போனில் கூப்பிடு, வெறும் குரல் மட்டும். ரிங் அடித்தாலே அவள் முகம் மலர்ந்துவிடுகிறது, எழுந்து உட்கார்ந்து முடியை ஒதுக்கிக்கொள்கிறாள். அந்தச் சுகத்தையாவது நாம் கெடுக்காமல் இருப்போம். டிவி வீணாகிறதே என்று வருத்தப்படாதே, அவள் இல்லாதபோது நான் செய்தி பார்த்துக்கொள்கிறேன். சௌமியாவிடம் பக்குவமாகச் சொல், போன் போட்டு அழ வேண்டாம் என்று சொல். நீ குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு ரசமாவது வைத்துச் சாப்பிடு. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு ஒத்து, நல்லபடி வாழ வேண்டும். மகன் வருவான் மகன் வருவான் என்று உன் அம்மா தினமும் சாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உங்களுக்கு எப்போதும் உண்டு.

மார்கழியில் நீ எடுத்த டிக்கெட்டை இதைப் படித்துவிட்டு ரத்து செய்யாதே, வா. வருவதற்கு முன்னால் தாடியை எடுத்துவிடு, அதனால்கூட இருக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. வந்ததும் விறுவிறுவென்று உள்ளே நுழையாதே. கேட்டுக்கு வெளியே மறைவாக நின்று அம்மா என்று கூப்பிடு, கொஞ்ச நேரம் பேச்சுக் கொடு, நான் அவளைக் கைப்பிடித்து வாசலுக்குக் கூட்டி வருகிறேன், அப்புறம் பேசிக்கொண்டே மெல்ல வா. அப்படியும் தெரியவில்லை என்றால் நான்தாம்மா சுரேன் என்று மல்லுக்கு நிற்காதே, பயந்துபோவாள். யாரோ என்றே இருந்துகொள். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப அவளுக்கு இன்றைக்கும் மனசு வராது, தட்டைப் போட்டு உட்காருங்க தம்பி என்பாள். அழாமல் உட்கார்ந்து சாப்பிடு. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால், போடுங்கம்மா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
பழனியாண்டி