நான் விட்டுவிட்ட நாலாவது சொல்

அக்கா,

இன்று காலை பஞ்சாயத்து ஆட்கள் நம் தெருக் கால்வாய் ஓரமாக பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். ஜன்னலைச் சாத்தியும் நெடி உள்ளே வந்துவிட்டது. கையிலிருந்த தஸ்பீஹ் மணியை வைத்துவிட்டேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. நீங்கள் போன மூன்றாம் நாளும் இதே நெடிதான். அடிபம்பைச் சுற்றி வெள்ளையாகக் கொட்டினார்கள். கம்பெனிக் கழிவு தண்ணீரில் இறங்கி உங்களைக் கொண்டுபோய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கும் தெரியாது.

பிள்ளைப்பாக்கத்தில் உங்கள் வீட்டின் பின்பக்கத்து அறைக்கு நாங்கள் குடிவந்தபோது, நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு நீங்களும், வளைகுடாவில் ஒரு கேம்ப் சமையல்கட்டில் வேலைக்குப் போன உங்கள் மகனின் கடிதங்களும்தான் அந்த வீட்டில். மத்தியானம் நான் குர்ஆனும் நோட்டுமாக உட்கார்ந்தால் நீங்கள் முறத்தோடு வந்து எதிரில் உட்காருவீர்கள்.

"இன்னா பாயம்மா, பரீட்சை எழுதப் போறியா?"

"அர்த்தம் தெரியாம ஓதுறது மனசுக்கு ஒப்பலக்கா."

"எங்க ஐயரு சொல்றது மட்டும் எனக்குப் புரியுதா? மணி அடிச்சா கன்னத்துல போட்டுக்கினு வந்துடுவேன்."

சின்ன வயதில் எனக்குக் கற்றுக்கொடுத்தது எழுத்துக்கூட்டி ஓத மட்டும்தான். எங்களில் பெரும்பாலானோருக்கு அவ்வளவுதான். பொருளைக் கல்யாணத்துக்குப் பிறகு நானாகத் தேடினேன். தமிழ் மொழிபெயர்ப்பை வரிக்கு வரி ஒப்பிட்டு, பால் கணக்கு எழுதுகிற மாதிரி கோடு போட்டு, இடப்பக்கம் அரபிச் சொல், வலப்பக்கம் தமிழ். குர்ஆனில் வராத சொல் ஒன்றுகூட அந்த நோட்டில் கிடையாது. இதை உங்களிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். நீங்களோ பம்படியில், "எங்க பாயம்மாவுக்கு அரபி தண்ணி பட்ட பாடு" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தீர்கள். பத்தாவதுகூடத் தாண்டாத எனக்கு அது இனிப்பாக இருந்தது. மறுக்கவில்லை.

நோன்பும் மார்கழியும் சேர்ந்து வந்த வருஷம் உங்கள் மகன் லீவில் வந்தான். விமானத்திலேயே வாந்தி, வீட்டில் இறங்கும்போது நிற்கக்கூட முடியவில்லை. மறுநாள் காலை கோலமாவு கையோடு ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். பின்னாலேயே பம்படிப் பெண்கள் இரண்டு பேர்.

"அங்க கேம்ப் டாக்டரு எழுதிக் குடுத்துக்கீறாரு. இவன் யாரையும் கேக்காம பையில சொருவிக்கினு வந்துட்டான். இன்னான்னு சொல்லு."

அரபிக் கையெழுத்தில் நாலே சொல். இரண்டாவதும் மூன்றாவதும் தெரிந்தவை. 'அம்ஆ' குடல், நரகத்தைப் பற்றிய வசனத்தில் வருகிறது. 'ஷிதா' குளிர்காலம், குழந்தைகள் ஓதுகிற சின்ன சூராவிலேயே இருக்கிறது. முதல் சொல்லில் நெருப்பின் சாயல் தெரிந்ததால் எரிச்சல் என்று ஊகித்தேன். நாலாவது 'முஃதீ'. அதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"தெரிலன்னா சொல்லிடட்டுமே, அடுப்புல உல வச்சிட்டு வந்துக்கீறேன்" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

"அதுக்குத் தெரியாததா? சும்மா கெட" என்று அவளை அடக்கினீர்கள்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான், அக்கா. "குளிர்காலத்துல வர்ற குடல் எரிச்சல்" என்று சொல்லிச் சீட்டை மடித்தேன்.

நீங்கள் விடவில்லை. "ஒட்டுவாரொட்டி எதுவும் இல்லியே? எனக்கு வேற சக்கர கீது."

"இல்லக்கா. குளிரால வர்றது. கஞ்சி குடுங்க, சரியாயிடும்."

நோன்பு பிடித்திருந்த வாய் அது.

அதற்குப் பிறகு நீங்கள் எதற்கும் தயங்கவில்லை. அவன் வாந்தி எடுத்த வாளியை வெறும் கையால் கழுவினீர்கள். முந்தானையால் அவன் வாயைத் துடைத்தீர்கள். அவன் மிச்சம் வைத்த ரசம் சோற்றை, "புள்ள எச்சிதானே" என்று சொல்லி நீங்களே வழித்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்தான். நீங்கள் படுத்தீர்கள். சர்க்கரை உடம்பு, ஒரே நாளில் வற்றிப்போனது. ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "குளிர்தான் பாயம்மா, போய்டும்" என்று எனக்குத் தைரியம் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி வாசல்வரைதான் உயிர் இருந்தது என்றார்கள்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் மண்ணடியில் ஓர் அரபி-தமிழ் அகராதி வாங்கிவந்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தார். கை நேராக அந்தச் சொல்லைத்தான் தேடியது. 'தொற்றக்கூடியது' என்று போட்டிருந்தது. நீங்கள் வாய்விட்டுக் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் சீட்டிலேயே இருந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறேன்.

தவறுதலாக ஒருவரால் ஓர் உயிர் போனால் என்ன செய்யவேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது. இரண்டு மாதம் விடாமல் நோன்பு வைத்தேன். "ரமலான் முடிஞ்சி எவ்ளோ நாளாச்சு, இன்னும் என்னா நோன்பு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். விட்டுப்போன நோன்பைக் கட்டுகிறேன் என்று அவரிடமும் பொய். பாதி நாள் கடந்த பிறகுதான் உறைத்தது: இதையும் விவரம் தெரிந்த யாரிடமும் கேட்காமல், நானே படித்து நானே முடிவு செய்திருக்கிறேன். ஆனாலும் முழுசாக முடித்தேன். நெஞ்சின் பாரம் இறங்கவில்லை. இறந்தவரின் வீட்டாரிடம் போய் நின்று ஈடு கொடுக்கவேண்டும், இல்லை அவர்கள் மன்னிக்கவேண்டும் என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது. அதை மட்டும் செய்யவில்லை.

செய்யத்தான் ஒருமுறை துணிந்தேன். உங்கள் மகன் திரும்ப வெளிநாடு போகவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலையில் நிற்கிறான். பெருநாளைக்கு அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தட்டை வைத்துவிட்டு, "தம்பி, அம்மாவைப் பத்தி ஒண்ணு" என்று ஆரம்பித்தேன்.

அவன் முந்திக்கொண்டான். "ஊருல சில பேரு இன்னா பேசினாங்க தெரியுமா பாயம்மா? வந்த காலோட தாய அனுப்பிட்டான்னு. நானும் அப்டித்தான் நெனச்சேன். என் வாந்திய வாரித்தானே படுத்துச்சு. ஆனா ஆட்டோல போகசொல்லோகூட அம்மா சொல்லிச்சு, 'இது ஒட்டுறது இல்லடா, பாயம்மா படிச்சிச் சொல்லிட்டாங்க, நீ பக்கத்துலயே குந்து'ன்னு. அத புடிச்சிக்கினுதான் இருக்கேன். இல்லன்னா அப்பவே எதுலயாவது போய் வுயிந்துருப்பேன்."

என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், 'உன்னிடமிருந்துதான் உன் தாய்க்கு வந்தது' என்று முதலில் அவனிடம் சொல்லவேண்டும்.

"இன்னாவோ சொல்ல வந்தீங்களே?" என்றான்.

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோப்பா" என்றேன்.

உங்கள் பிள்ளை என் பொய்யின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அக்கா. அவனை எழுப்ப எனக்குக் கை வரவில்லை.